நாலு பேணி சாம்பல் பிறைமர்

ஜன. 21, திங்கள்

விடியப்புறம் மழை விட்டது. காற்றில் இன்னும் ஈரம். இந்த ஈரத்தில் பெயின்ற் காயாது.

மேசைமேல் வைக்கிற சின்னத் துறைமுக மாதிரியை முடிக்க இன்னும் பதினெட்டு நாள். மிச்சம்:
கப்பல் 31 (செதுக்கியது 29).
பாரந்தூக்கி 4. பித்தளைக் கம்பி போதாது.
எண்ணெய்த் தாங்கிகள், பண்டகசாலை, இறங்குதுறை.
மலை.
எல்லாவற்றுக்கும் முதல் பிறைமர், நிறத்துக்கு அடியில் பூசுகிற முதற்பூச்சு.

துறைமுகம் முழுவதையும் எட்டடி மேசையில் அடக்க வேண்டும். பெப். 8 வெளிநாட்டுக்காரர் வந்து பார்ப்பார்களாம். துறைமுக அலுவலகத்தில், எங்கள் கந்தோரில், படவரைஞர் ஆறு பேர். எங்கள் மேலதிகாரி, பெரியவர் விமலசேன மாத்தையா, என்னைத்தான் பிடித்தார். நான் வீட்டில் சும்மா கப்பல் செதுக்குவது அவருக்குத் தெரியும். பெருமைதான். பிழைத்தால் என் தலையில் என்ற பயமும்.

சனிக்கிழமை இரண்டு கப்பலுக்குச் சிவப்பு பிறைமரை பிரஷ்ஷால் பூசிப் பார்த்தது. நாசம். கப்பல் சுண்டுவிரல் நீளம். ஊசியால் குத்திக் குத்தி எடுத்த யன்னல் துவாரமெல்லாம் அடைபட்டு, சவர்க்காரத்தில் செய்த கப்பல் போல ஆயிற்று. பூசாமலும் விட ஏலாது. மரம் நிறத்தைக் குடித்துவிடும். பித்தளையில் பெயின்ற் நில்லாது, நகம் பட்டால் உரியும்.

மத்தியானம் சாலி நானாவின் இரும்புக் கடை. இறக்குமதி திறந்துவிட்ட பிறகு அவரிடம் இல்லாத சாமான் இல்லை. கார் பெயின்ற் தட்டில் பிறைமர் ஸ்பிறே பேணி, அமத்தினால் விசிறுகிற தகர டப்பா! மூன்று நிறம். வெள்ளை: மெல்லிய நிறங்களுக்கு நல்லது, ஆனால் குறை தெரியாது. சிவப்பு: மேலே அடிக்கும் நிறத்தை இருட்டாக்கும். சாம்பல்: ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக் கொடுக்கும். சாம்பல்தான். இருந்த நாலு பேணியும் எடுத்தேன். வாங்கக் கந்தோர் அனுமதிப் பத்திரம் வர மூன்று கிழமை செல்லும் என்று என் பெயரிலேயே.

நானா கொப்பியில் எழுதினார். பெயர், வேலை, திகதி.

"இதென்ன நானா, துவக்கும் தோட்டாவும் வாங்கின மாதிரி எழுதுறியள்?"

"முதல்முதல் வந்த சாமான் தம்பி. ஆர் கொண்டுபோனது எண்டு எழுதி வைச்சால்தானே நல்லதோ கெட்டதோ கேக்கலாம். பேணியை வெயிலிலை வைச்சிராதேங்கோ, வெடிக்குமாம்."

வெடிக்குமாம். சைக்கிளில் வீடு வரும்வரை அந்த யோசனைதான்.


ஜன. 22, செவ்வாய்

மப்பு, வெயிலே இல்லை. பின்னேரம் வீட்டு விறாந்தையில் முதல் பேணி. குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு கடகடவென்று ஓடுகிறது. நல்ல சத்தம்.

மலைக்கு வைத்திருந்த நுரைப்பலகையில் பரீட்சை. அடித்த இடமெல்லாம் உருகிக் குழி. மலை போயிற்று. இனிக் கடதாசிக் கூழில்தான் மலை.

அதைவிடப் பெரிது: மணம் குசினி அடுப்படிக்குப் போய், என் மனிசி ரஞ்சி ஓங்காளித்துச் சத்தி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். நாலாம் மாதம். முந்திய இரண்டும் இந்த நாலாம் மாதத்தில்தான் போனவை. இரண்டு பேரும் அதையே நினைத்துக்கொண்டு இருந்தோம்.

மருத்துவிச்சி அம்மாவைக் கூட்டிவந்தேன். "ஒண்டுமில்லை. ஆனால் இந்தச் சாமான் வீட்டுக்குள்ளை வேண்டாம்" என்றா. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் ஏன் தம்பி நடுங்குறியள்?" என்றா.


ஜன. 24, வியாழன்

வெயில்! கந்தோர் விட்டதும் பழைய பண்டகசாலை மதிலுக்குப் பின்னால். கடற்கரைப் பாதையோடு ஒதுங்கின இடம், மதில் காற்றை மறைக்கும். கப்பல்களை வரிசையாக ஆணியில் குத்திய சட்டம், பேணி, பழைய துவாய்.

படித்தவை, மறக்காமல்:
இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும்.
ஒன்றரைச் சாண் தூரம். கிட்டப் பிடித்தால் வழியும். எட்டப் பிடித்தால் காற்றிலேயே காய்ந்து மண் தூவின மாதிரிச் சொரசொரக்கும்.
கப்பலுக்கு வெளியே தொடங்கி, கப்பலைக் கடந்து போய், வெளியே நிறுத்த வேண்டும். கப்பலுக்கு மேல் தொடங்கினால் பொட்டு விழும்.
ஒரேயடியாக மூடக் கூடாது. மெல்லிசாய் மூன்று தரம்.
முடிந்ததும் பேணியைக் கவிழ்த்து வெறும் காற்று வரும்வரை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் அடைத்துப்போகும்.

கவிழ்த்து அடிப்பதை மதிலில்தான் அடித்தேன். சாம்பல் பொட்டுகள் ஐந்தாறு, ஒரு கோடு.

வலைக்காரர் ஒருவர் போகிற வழியில் நின்றார். "என்ன தம்பி, நுளம்புக்கு மருந்து அடிக்கிறீரோ?"

"இல்லை ஐயா, கப்பலுக்கு."

குனிந்து பார்த்தார். "அட, வாழைப்பிஞ்சு மாதிரி. உதிலை ஆர் ஏறுறது?" சிரித்துக்கொண்டு போனார்.

காய்ந்த பிறகு பார்த்தேன். ஒரு துவாரமும் அடைபடவில்லை. மேல்தட்டு ஏணிப் படிகூட எண்ணலாம். இவ்வளவு காலம் செதுக்கியது இன்றைக்குத்தான் கப்பலாகத் தெரிகிறது.


ஜன. 27, ஞாயிறு

காலை சிறு தூறல், பிறகு வெளித்தது. பாரை மீனோடு யோகன் மச்சான் வந்தார். ரஞ்சியின் அண்ணர். மனிசி செத்து ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை, ஞாயிறு எங்களிடம்தான் சாப்பாடு. துறைக்கு அங்கால் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ற் அடிக்கிற கூட்டத்தை மேய்க்கிற ஓவசியர். பெயின்ற் ஸ்ரோர் அறைப் பூட்டின் திறப்பும் அவரிடம்.

என் தாங்கிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நாங்கள் ஒண்டுக்கு ஒரு மாதம் அடிக்கிறம். நீர் ஒரு நிமிஷத்திலை முடிச்சிட்டீர்."

சாப்பிடும்போது கதை இல்லை. ரஞ்சி கேட்டாள், என்ன அண்ணை யோசினை என்று. "ஒண்டுமில்லை. முதுகு நோகுது" என்றார்.

மூன்றாம் பேணி தொடங்கியாயிற்று.


ஜன. 29, செவ்வாய்

நல்ல வெயில். எழுதக் கை வருகுதில்லை.

காலை ஏழரை. கடற்கரைப் பாதையால் சைக்கிளில் போகிறேன். மதிலடியில் சனம், இரண்டு ஜீப். ஆள் உயர எழுத்தில் ஐந்து சொல். அந்தச் சொற்களை நான் இங்கேயும் எழுத மாட்டேன். வருகிற நாலாம் திகதிச் சுதந்திர தினத்தைப் பற்றி, தமிழில், கோபமாக. அவ்வளவு போதும்.

கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில், ஐந்து முழம்கூட இல்லை, என் சாம்பல் பொட்டுகள். என் கோடு.

ஒரு பொலிஸ்காரன் அந்தப் பொட்டுகளைத்தான் விரலால் காட்டிக்கொண்டு நின்றான்.

நான் நிற்கவில்லை. மிதித்துக்கொண்டே போனேன். கந்தோரில் பேனையை மைக்குள் விட்டேன், எழுதவில்லை, திரும்ப விட்டேன். பெரியவர் கேட்டார், உடம்பு சரியில்லையா என்று. காய்ச்சல் குணம் என்றேன்.


ஜன. 30, புதன்

மப்பு. தேத்தண்ணீர்க் கடையில் கேட்டவை:

"பேணியாலை அடிச்சு எழுதினதாம். பக்கத்திலை அடிச்சுப் பாத்த அடையாளம் இருக்காம்."

"அந்தப் பேணி எல்லாக் கடையிலையும் இல்லையே."

"அதுதான் கடை கடையாய்ப் போறாங்கள். நாலாம் திகதிக்கு முதல் ஆளைப் பிடிக்க வேணுமாம்."

"புதுப் பயங்கரவாதச் சட்டத்திலை பிடிச்சால் கேள்வி முறை இல்லை."

தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். அதையும் யாராவது பார்த்திருப்பார்களோ?

மத்தியானம் சாலி நானாவின் கடை வழியாகப் போனேன். கதவு பாதி பூட்டு. பக்கத்துக் கடைக்காரர் வாயைத் திறக்காமல் கையால் காட்டினார்: ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கொப்பி. பெயர், வேலை, திகதி.

வீட்டில் ரஞ்சியிடம் எல்லாம் சொன்னேன். சொல்லக்கூடாது, இந்த நேரத்தில் அவள் பயப்படக் கூடாது என்று தெரியும். அடக்க ஏலவில்லை. பேணிகளைக் கிணற்றில் போடுகிறேன் என்றேன். கடலில் எறிகிறேன் என்றேன்.

அவள் கதிரையில் இருந்தபடி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, வாங்கினது எல்லாருக்கும் தெரியும். எறிஞ்சது ஏன் எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?"

பேணிகள் அலுமாரிக்கு அடியில். இரண்டு வெறும், ஒன்று பாதி, ஒன்று புதிது.


ஜன. 31, வியாழன்

வெயிலோ மழையோ ஞாபகம் இல்லை. கந்தோருக்குப் போகவில்லை. வாசல் படலையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பி எழும்பி இருந்தேன்.

பத்து மணிக்குப் படலை திறந்தது. நானாவின் மூத்த மகள் பரீனா. கையில் ஒரு கிண்ணம், அரிசி மா கேட்டு வந்த மாதிரி. ரஞ்சியோடு குசினிக்குள் போய், பிறகு என்னைக் கூப்பிட்டாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நேத்து ஜீப் வாறதைக் கண்டவுடனை வாப்பா கொப்பியை அடுப்புக்குள்ளை வைச்சிட்டார். ஆருக்கு வித்தது எண்டு ஞாபகம் இல்லை எண்டே சொல்லுறாராம். சாப்பாடு கொண்டுபோன மாமாவிட்டைச் சொல்லி விட்டவர், ஜெயம் தம்பிக்குச் சொல்லுங்கோ, அவர் பயந்த ஆள், வீட்டிலை பிள்ளைத்தாச்சி இருக்கு, வெளியிலை திரிய வேண்டாம் எண்டு."

"அடிச்சவங்களோ?" ரஞ்சி கேட்டாள்.

"முகம் வீங்கியிருக்காம்." கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மனிசனுக்கும் எனக்கும் என்ன? கடைக்குப் போவேன், ஆணி வாங்குவேன், இரண்டு வார்த்தை பேசுவேன். நான் பொலிஸுக்குப் போனால் வெளியே வருவேனா என்று தெரியாது. போகாவிட்டால் அவர் வரமாட்டார்.

என் பொட்டுகள் இல்லாவிட்டால் பேணி என்ற யோசனையே அவர்களுக்கு வந்திராது. அதுதான் திரும்பத் திரும்ப.


பெப். 1, வெள்ளி

நல்ல வெயில். அந்த வெயில்தான் காட்டியது.

மதிலடியால் சைக்கிளை மெதுவாக விட்டேன். ஒரு பொலிஸ்காரன் நிழலில் காவல். இறங்கவில்லை. சங்கிலி கழன்ற மாதிரிக் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தேன்.

எழுத்து மின்னுகிறது. என் பொட்டுகள் மின்னவில்லை. பிறைமர் சிலேட்டு மாதிரி, வெளிச்சத்தைக் குடிக்கும். எழுத்தின் கரையில் பிரஷ் மயிரின் கோடுகள். அடியில் துளி துளியாய் வழிந்திருக்கிறது. அது ஸ்பிறே அல்ல. சாம்பலும் அல்ல. தூரத்துக்குத்தான் சாம்பல். கிட்டப் பார்த்தால் வெள்ளி, அலுமினியம் பெயின்ற்.

நானும் தப்பினேன், நானாவும் தப்பினார் என்று ஒரு முழு நிமிடம் சந்தோஷமாக மிதித்தேன்.

பிறகு நினைவு வந்தது. இந்தப் பக்கத்தில் வெள்ளிப் பெயின்ற் பீப்பாய் பீப்பாயாக இருக்கிற ஒரே இடம் எண்ணெய்த் தாங்கி ஸ்ரோர். திறப்பு யோகன் மச்சானிடம்.

சீனன்குடாவுக்கு விட்டேன். மச்சான் தாங்கி நிழலில் நின்றார். முழங்கை வரை வெள்ளி. சொன்னேன். பொலிஸுக்குப் போய் அது பிறைமர் அல்ல என்று காட்டப்போகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டு பீடியைப் பற்றவைத்தார். அணைந்தது. திரும்பப் பற்றவைத்தார்.

"என்ரை ஸ்ரோருக்குள்ளை நாப்பது பேர் கை வைக்கிறவங்கள்" என்றார்.

"தெரியும் மச்சான்."

"போகாதையும்."

சைக்கிளைத் திருப்பினேன். பின்னால் நின்று கேட்டார்: "நானாவுக்கு எத்தினை பிள்ளையள்?"

"அஞ்சு."

பீடியை எறிந்தார். "அப்ப போம். பிறைமர் இல்லை எண்டதைக் காட்டும். வெள்ளி எண்ட சொல்லை மட்டும் வாயாலை விடாதையும்."

வரும் வழியில் பெரியவரிடம் போனேன், என்னோடு வரச் சொல்லிக் கேட்க. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். நல்ல மனிசன். கந்தோர் முத்திரையோடு கடிதம் தந்தார், மாதிரி செய்யும் வேலைக்காகத்தான் நான் பெயின்ற் வாங்கினேன் என்று. வரவில்லை. "எனக்கும் பிள்ளைகள் இருக்கு ஜெயம்" என்று தமிழில் சொன்னார்.


பெப். 2, சனி

எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

காலை ஒன்பது மணி. கொண்டுபோனவை: நாலு பேணி, கப்பல் 12 சட்டத்தோடு, பெரியவரின் கடிதம். ரஞ்சி படலையடியில் நின்றாள். அழவில்லை. சேட்டுப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தேன், கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜனிடம் சொன்னேன், "பேணி வாங்கின ஆள் நான்தான்" என்று. அவர் எழும்புவதற்கு முதல் பக்கத்தில் நின்ற ஒருவன் கன்னத்தில் அறைந்தான். ஒரு அறைதான். கப்பல் இரண்டு விழுந்தது. குனிந்து பொறுக்கினேன். வேறு என்ன செய்கிறதென்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர். இளம் ஆள், கண்ணாடி. சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னேன். மதிலில் உள்ள பொட்டுகள் என்னுடையவை. எழுத்து என்னுடையது அல்ல.

"எப்படி நம்புவது?"

"அடித்துக் காட்டுகிறேன் சேர்."

பின்வளவுச் சுவரில் புதுப் பேணி. குலுக்கினேன். கை நடுங்கியதில் குலுக்கவே தேவைப்படவில்லை. ஒன்றரைச் சாண், இடமிருந்து வலம். சுற்றிவர ஆறேழு பொலிஸார், ஏதோ வித்தை பார்க்கிற மாதிரி. பத்து நிமிடம் காயவிட்டேன். உள்ளே எங்கோ ஒருவர் இருமினார். நானாவின் இருமல்.

காய்ந்தது. மங்கல், மினுக்கம் இல்லை. இன்ஸ்பெக்டர் விரலால் தேய்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. ஜீப்பில் ஏற்றி மதிலடிக்குக் கொண்டுபோனார்கள். சனம் பார்த்தது. எழுத்தை விரலால் தேய்த்தார். விரல் நுனியில் வெள்ளித் தூள். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது பிரஷ். அப்படித்தானே?"

"ஓம் சேர். பிறைமர் இல்லை."

"என்ன பெயின்ற்?"

"தெரியாது சேர்."

"பெயின்ற் தெரிந்த ஆள் நீ."

"எனக்குப் பிறைமர் மட்டும்தான் தெரியும் சேர்."

விரலைக் கைலேஞ்சியில் துடைத்தார். மெதுவாக. அந்த விரல் துடைக்கும் நேரத்தில் அவருக்கு விளங்கிவிட்டதென்று எனக்கு விளங்கியது. துறைக்கு அங்கால், மரங்களுக்கு மேலே, தாங்கிகளின் உச்சி அதே நிறத்தில் மின்னிக்கொண்டு நின்றது. அவரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

வெள்ளி என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொல்லாமலே காட்டிக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு விட்டார்கள். பேணிகளை வைத்துக்கொண்டார்கள், கப்பலைத் தந்தார்கள். நானாவையும் விட்டார்கள். ஒரு கண் மூடியிருந்தது. வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார்.

"ஏன் தம்பி வந்தீங்க? நான் இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பனே" என்றார்.




பெப். 3, ஞாயிறு

காற்று. மச்சான் சாப்பாட்டுக்கு வரவில்லை. ரஞ்சி மூன்று பேருக்குச் சமைத்து, மூன்றாவது சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

பின்னேரம் செய்தி. காலையில் ஸ்ரோரைத் திறக்க வைத்து, பீப்பாய்களை அளந்து, சாம்பல்தீவு ஊரைச் சேர்ந்த பெயின்ற்காரர் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மச்சானை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

ரஞ்சி என்னோடு பேசவில்லை. கோபமா, பயமா தெரியாது. கேட்கவும் பயம்.


பெப். 4, திங்கள்

லீவு. ரோட்டெல்லாம் கொடி. மதிலுக்கு வெள்ளை அடித்தாயிற்று.

பத்து மணிபோல மச்சான் வந்தார். பின்பக்கத்தால் குசினிக்குள் வந்து நிலத்தில் இருந்தார். ரஞ்சி தேத்தண்ணீர் வைத்தாள். குடிக்கவில்லை.

"அந்த ரெண்டு பேரும் எழுதேல்லை" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?"

"நான்தான் எழுதினது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. நாற்பத்தெட்டு வயது மனிசன். கூட்டத்துக்குப் போகாத ஆள். பேப்பர்கூட முழுக்க வாசியாத ஆள்.

"இருபது வருஷமாய் ஆரின்ரையோ தாங்கிக்கு வெள்ளி பூசுறன். மேலை இருந்து பாத்தால் துறை முழுக்கத் தெரியும். ஒண்டிலையும் எங்களுக்குப் பங்கில்லை. ஒருநாளைக்கு, ஒரு மதிலிலை, எனக்காண்டி அஞ்சு சொல். வேறை ஒண்டுமில்லை." என்னைப் பார்த்தார். "பக்கத்திலை இருந்த பொட்டு உம்மடை எண்டு சத்தியமாய்த் தெரியாது மச்சான். விடியக்கருக்கலிலை காணேல்லை."

பிறகு: "நானா உள்ளுக்கை இருந்த மூண்டு நாளும் நான் சோறு திண்டனான். இனி ஏலாது, நாளைக்குப் பொலிஸிலை போய்ச் சொல்லப்போறன். அதுதான்."

ரஞ்சி அவருடைய காலடியில் இருந்துவிட்டாள். தோப்பூரில் சித்தப்பா வீட்டில் போய் இருக்கச் சொன்னாள். அங்கிருந்து அக்கரைக்கு வள்ளம் பிடிக்கலாம் என்றாள். என்னையும் சொல்லச் சொன்னாள்.

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பாரோ? அந்த இரண்டு பேருக்கும் வீடு இருக்கிறது என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுத விருப்பம். உண்மையில் வள்ளத்தில் அனுப்பி நான் அகப்பட்டால் என்ற பயமும் அதற்குள் இருந்தது. எவ்வளவு பங்கு எதுவென்று பிரிக்க ஏலாது.


பெப். 5, செவ்வாய்

நல்ல வெயில். மச்சான் முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். முழங்கை வரை மண்ணெண்ணெய் போட்டு உரஞ்சியிருந்தார், நகக்கண்ணில் மட்டும் வெள்ளி போகவில்லை. ரஞ்சியின் தலையைத் தொட்டார். "பிள்ளையைப் பார்" என்றார்.

நானும் கூட நடந்தேன். வழியில் பேசியது: மழை இனி வராது என்பது. அவருடைய சைக்கிளுக்குப் பின்சில்லு மாற்ற வேண்டும் என்பது.

சந்தியில் என் கால் நின்றுவிட்டது. பொலிஸ் நிலைய வாசல் தெரிந்தது, கன்னத்தில் அறைந்தவன் வாசலில் நின்றான். மச்சான் திரும்பிப் பார்த்தார். "நீர் இதோடை நில்லும்" என்றார், நான் கேட்கிறதுக்கு முதல்.

நின்றேன். அவர் ரோட்டைக் கடந்து, படியேறி, உள்ளே போனார். ஒரு மினிபஸ் மறைத்தது. பஸ் போனபிறகு பார்த்தால் வாசல் வெறிச்சென்று இருந்தது.


பெப். 6, புதன்

சாம்பல்தீவுக்காரர் இரண்டு பேரையும் மத்தியானம் விட்டுவிட்டார்கள். ஒருவர் நொண்டுகிறாராம்.

கந்தோரில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. வேலை மட்டும். நானா வெள்ளை பிறைமர் ஒரு பேணி அனுப்பியிருந்தார், மிச்சக் கப்பலுக்கு. கொப்பியில் எழுதாமல்.

கந்தோர் மொட்டை மாடியில், காற்றுக்கு முதுகு காட்டி அடித்தேன். வெள்ளையில் பிழை தெரியாதென்று நானே எழுதியிருக்கிறேன். சரிதான், தெரியவில்லை.


பெப். 8, வெள்ளி

காலை வெயில், பின்னேரம் மப்பு. வெளிநாட்டுக்காரர் ஐந்து பேர். மேசையடியில் நின்றது நாலு நிமிடம். ஒருவர் குனிந்து தாங்கிகளைப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார். யார் செய்தது என்று கேட்டார். பெரியவர் என் பெயரைச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பின்பக்கம் போகிற வாசல் எங்கே என்று தேடிக்கொண்டு நின்றேன்.

மருத்துவிச்சி அம்மா வந்து பார்த்தா. பிள்ளை துடிக்கிறதாம். ரஞ்சி என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். ஆறு நாளுக்குப் பிறகு என்னைத் தொட்டது.

மச்சானைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்கிற ஆட்களெல்லாம் வேறு கதை சொல்கிறார்கள்.


பெப். 9, சனி

சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். வாழையிலையில் கட்டி, மேலே பேப்பர், மச்சானுக்கு. ரஞ்சி தானும் வருவேன் என்று நின்றாள். நான் இந்த முறை சந்தியில் நிற்கவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள், அதுதான் காரணம்.

வாசலில் வேறு பொலிஸ்காரன், வயதான ஆள். பெயர் சொன்னோம். உள்ளே போய் வந்து, பார்சலை வாங்கினான்.

வாங்கினான். அப்படியென்றால் உள்ளே இருக்கிறார். சாப்பிடுகிற நிலையில் இருக்கிறார். ரஞ்சி திரும்பும் வழி முழுவதும் கதைத்துக்கொண்டே வந்தாள்: நாளைக்குக் கணவாய் வாங்க வேணும், அண்ணைக்கு உறைப்புக் கூடப் போட வேணும், மாற்றிக் கட்டச் சாரம் ஒன்றும் கொண்டுபோக வேணும். வீட்டில் பாட்டுப் பெட்டியைக்கூடப் போட்டாள்.


பெப். 10, ஞாயிறு

மழை இல்லை. கணவாய்க் கறி, உறைப்புக் கூட. சாரம் ஒன்று, துவாய் ஒன்று.

அதே வயதான பொலிஸ்காரன். பெயர் சொல்ல முதலே தலையை ஆட்டினான்.

"அப்பிடி ஒரு ஆள் இங்கே இல்லை."

நேற்று நீங்கள்தானே பார்சல் வாங்கினீர்கள் என்றேன். என் குரல்தான். எங்கிருந்து வந்ததென்று தெரியாது. எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். இரண்டாம் தரமும் கேட்டேன், சத்தமாக.

"நான் ஒண்டும் வாங்கவில்லை" என்றான். என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ரஞ்சி பார்சலை நீட்டினபடியே நின்றாள்.